சூசையும் யூசுப்பும் வளனாரும் ஒரே பெயரா?

கேள்வி இது: "எங்கள் அலுவலகத்தில் ஒரு ஜோசப், ஒரு சூசைராஜ், ஒரு யூசுப் இருக்கிறார்கள். மூன்றும் ஒரே பெயர்தான் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். நிஜமா? அப்படியானால் இந்தப் பெயரில் சென்னையிலும் வெளியிலும் வேறு யார் யார், எந்தெந்த ஊர்கள்?"

அடித்துச் சொன்னவர் சொன்னது சரி. உங்கள் அலுவலகத்தில் வளனரசு என்று ஒருவர் இருந்தால் அவரையும் விசாரித்துப் பாருங்கள், அவரும் இதே கூட்டமாக இருக்க வாய்ப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மூலம் எபிரேய மொழியின் 'யோசேஃப்'. ஒருவர் இந்தப் பெயரை எப்படி எழுதுகிறார் என்பதை வைத்தே அது எந்த வழியாக அவர் வீட்டுக்கு வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். போர்த்துக்கீசியக் கப்பலா, அரபு வழியா, ஆங்கிலேயர் கோட்டையா, ஒரு பாதிரியாரின் தமிழா என்பது எழுத்திலேயே தெரியும்.

முதலில் மூலக்கதை. யாக்கோபின் மனைவி ராகேலுக்கு நெடுங்காலம் பிள்ளை இல்லை. கடைசியில் ஒரு மகன் பிறந்ததும், கடவுள் என் அவமானத்தை நீக்கினார் என்கிறாள். அடுத்த மூச்சிலேயே இன்னொரு மகனையும் சேர்த்துத் தருவாராக என்கிறாள். ஆதியாகமம் 30ஆம் அதிகாரம். எபிரேயத்தில் நீக்குவதற்கு 'ஆசஃப்', சேர்த்துத் தருவதற்கு 'யோசேஃப்'. இரண்டையும் உரசிப் பார்த்து வைத்த பெயர் இது. அவள் கேட்டபடி இன்னொரு மகன் பென்யமீன் பிறந்தான், அந்தப் பிரசவத்திலேயே அவள் இறந்தும் போனாள்.

இந்தப் பெயரில் பெரிய ஆட்கள் இருவர் என்பதை மறக்கக் கூடாது. ஒருவர் ராகேலின் மகன், அண்ணன்மார் குழியில் தள்ளி விற்றுவிட, எகிப்தில் அதிகாரியாக உயர்ந்தவர். இன்னொருவர் பல நூற்றாண்டு கழித்து வரும் நாசரேத்துத் தச்சர், மரியாளின் கணவர். முஸ்லிம் வீட்டு யூசுப் முதலாமவரின் பெயரைத் தாங்குகிறார். திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் முழுக்க, 111 வசனங்களும், அவர் பெயரில்தான் இருக்கிறது. கத்தோலிக்க வீட்டுச் சூசை இரண்டாமவர், அந்தத் தச்சர். ஆகப் பெயர் ஒன்று, பாதுகாவலர் வேறு. உங்கள் யூசுப்பையும் சூசைராஜையும் ஒரே தட்டில் வைக்கும்போது இதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் மறுப்பார்.

சூசை எப்படி வந்தது? போர்த்துக்கீசியர் 1520களில் சாந்தோமில் குடியேறினார்கள். அவர்கள் வாயில் இந்தப் பெயர் ஏறத்தாழ 'ஜுஸே'. நம் வாய்க்கு அது சூசை. பின்னால் மரியாதைக்கு ஓர் 'அப்பர்' சேர்ந்து சூசையப்பர். சூசைராஜ், சூசைமாணிக்கம், சூசையம்மாள் எல்லாம் இதன் கிளைகள். சீர்திருத்தச் சபைக்காரர்கள் தமிழ் வேதாகமத்தின் எழுத்தைப் பின்பற்றியதால் யோசேப்பு என்றே எழுதினார்கள். இன்று இரு தரப்பும் பயன்படுத்தும் பைபிள்களில் யோசேப்புதான், ஆனால் கோயில் பெயர்ப் பலகைகளிலும் பாட்டிகளின் ஜெபத்திலும் சூசையப்பர் அசைந்து கொடுக்கவில்லை. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வழியில் வந்தால் அதுவே ஔசேப்பு. ஆர்மீனியன் தெருவுக்குப் பெயர் தந்த வணிகர்களின் மொழியில் ஹோவ்செப். ஜோசப் என்ற வடிவம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தோடு வந்தது, பிறகு எல்லாரையும் ஓரங்கட்டிவிட்டது.

இந்த வடிவங்களிலெல்லாம் எனக்கு மிகப் பிடித்தது வளன். மெரினாவில் நிற்கும் சிலைகளில் தாடியும் நீண்ட அங்கியுமாக ஒருவர் உண்டு, வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த இந்த ஏசு சபைத் துறவியின் இயற்பெயர் கொன்ஸ்டான்சோ ஜுசெப்பே பெஸ்கி. ஜுசெப்பே என்பது இத்தாலிய ஜோசப். கொன்ஸ்டான்சோவுக்குத் தமிழில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஜுசெப்பேயை என்ன செய்தார்? காப்பியமாகவே பாடிவிட்டார். 1726இல் முடிந்த தேம்பாவணி, 3 காண்டம், 36 படலம், 3615 பாட்டு. தலைவன் சூசையப்பர். ஆனால் நூலுக்குள் சூசை வளனாக மாறிவிடுகிறார். சேர்த்துத் தருவது, பெருகுவது என்ற மூலப்பொருளை அப்படியே வாங்கி வளம் என்ற தமிழ்ச் சொல்லில் ஊன்றி வைத்திருக்கிறார் மனிதர். அதே நூலில் திருமுழுக்கு யோவான் கருணையன். யோவான் என்றால் கடவுளின் அருள் என்று பொருள் என்பதால் அந்தப் பெயர். கருணையன் தன் தாயை அடக்கம் செய்து அழும் பாட்டைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பிள்ளைகள் பலருக்கு, தாங்கள் படித்தது ஓர் எபிரேயப் பெயரின் தமிழ் வடிவம் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வராதபடி அவ்வளவு இயல்பாக இருக்கிறது. பெயரை ஒலிபெயர்ப்பதா, பொருள்பெயர்ப்பதா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறோம். முந்நூறு ஆண்டுக்கு முன்னால் வந்த ஒரு வெளிநாட்டார் இரண்டாவது வழியில் இவ்வளவு தூரம் போயிருக்கிறார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி தமிழில் தூய வளனார் கல்லூரி ஆனதும் இந்தக் கொடைதான். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் அங்கே படித்துவிட்டுத்தான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு வந்தார்கள்.

யூசுப் என்றால் தமிழ்நாட்டு வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருகிறவர் முகம்மது யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று சொல்கிற கான் சாகிப். மதுரைக்காரர்கள் அவரைத் தங்கள் ஆள் என்பார்கள், சரிதான். ஆனால் சென்னைக்கும் அவரிடம் கடன் உண்டு. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. 1759 பிப்ரவரி வரை நீடித்த அந்த முற்றுகையில், கோட்டைக்கு வெளியே செங்கல்பட்டு, பரங்கிமலைப் பக்கம் சுற்றிக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களின் தளவாட வழிகளை அறுத்துத் தொல்லை கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். அந்த நன்றியெல்லாம் ஐந்தாறு வருடம்தான். 1764 அக்டோபரில் மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. கவனியுங்கள், தெருவில் நிலைத்தது கான் சாகிப் என்ற பட்டம், யூசுப் என்ற பெயரில்லை.

அவர் இந்துக் குடும்பத்தில் மருதநாயகமாகப் பிறந்து யூசுப் கான் ஆனவர் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பெஷாவரில் 1922இல் பிறந்த இன்னொரு முகம்மது யூசுப் கான் நேரெதிராகப் போய் திரையில் திலீப் குமார் ஆனார். சென்னையில் 1967இல் திலீப் குமார் என்ற பெயரில் பிறந்தவர் ஏ.ஆர். ரகுமான் ஆனார். இந்தச் சுற்றுக்கு நான் எந்த விளக்கமும் வைத்திருக்கவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

லாலியின் முற்றுகைக்கும் இன்னொரு ஜோசப்புக்கும் தொடர்பு இருக்கிறது. உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக்கல்லூரி வளாகத்தில் ஊசிக்கோபுரம் போல ஒரு கல்லறை நிற்கிறதே, அது ஜோசப் ஹின்மர்ஸுடையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆட்சிக்குழுவில் இரண்டாம் இடத்தில் இருந்து 1680இல் இறந்தவர். அங்கே முன்பு ஆங்கிலேயரின் இடுகாடே இருந்தது. முற்றுகையின்போது பிரெஞ்சு வீரர்கள் கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு கோட்டையைச் சுட்டார்கள். மறுபடி அப்படி நடக்கக் கூடாது என்று பிறகு இடுகாட்டையே அகற்றி, கல்வெட்டுப் பலகைகளைக் கோட்டைக்குள் செயின்ட் மேரிஸ் தேவாலய முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தப்பி நின்ற மிகச் சிலவற்றில் ஜோசப்பின் கல்லறை ஒன்று. காரணம் ஊகிக்கக் கூடியது. ஹின்மர்ஸின் விதவை காதரினை 1680 நவம்பரில் மணந்தவர் எலிஹு யேல், பிற்பாடு சென்னையின் கவர்னர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் யார் பெயரைத் தாங்குகிறதோ அவர். சிறுவயதிலேயே இறந்த அவர்கள் மகன் டேவிட்டையும் அதே இடத்தில்தான் புதைத்தார்கள். எலிஹு, ஜோசப், டேவிட் என்று மூன்று எபிரேயப் பெயர்கள் ஒரே கல்லறையைச் சுற்றி. வாகன நிறுத்தக் கட்டடம் தொடர்பான வழக்கில், இதை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி 2023இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. எலிஹு யேல் கவர்னராக இருந்தபோது 1688இல் சென்னை மாநகராட்சி உருவானது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். யேலும் ஹிக்கின்சனும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் பிறந்தவர்கள். பழைய ஏற்பாட்டைப் புரட்டிப் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிற பியூரிட்டன் மண் அது. அதே மாநகராட்சியில் உறுப்பினர்களாக இருந்த உண்மையான யூதர்கள் மூன்று பேர், பவளம் இறக்கி வைரம் ஏற்றிய வணிகர்கள். அவர்கள் பெயர்? பார்த்தலோமியோ ரோட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ ட ஃபொன்சேக்கா. போர்த்துக்கலில் 1497இல் நடந்த கட்டாய மதமாற்றத்துக்குப் பிறகு யூதக் குடும்பங்கள் சுமந்த பெயர்கள். ஆக இங்கிலீஷ் கிறிஸ்தவர்கள் எபிரேயப் பெயரோடும், எபிரேயர்கள் போர்த்துக்கீசியப் பெயரோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். பெயரை வைத்து மதம் கண்டுபிடிக்கிற நம் ஊர்க் கெட்டிக்காரர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் திணறிப் போயிருப்பார்கள். ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் மிச்சம்.

சென்னையின் மிகச் சுவையான ஜோசப் என்னைக் கேட்டால் ஜோசப் காலெட்தான். 1717 முதல் 1720 வரை கவர்னர். 1719இல் நெசவாளர்களுக்காகத் திருவொற்றியூர் பக்கம் ஒரு பேட்டை அமைத்தார். காலெட் பேட்டை. அது மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. இன்று மெட்ரோ ரயில் அறிவிப்பில் 'காலடிப்பேட்டை' என்று கேட்கும்போது யாருக்கும் ஓர் ஆங்கிலேயர் நினைவுக்கு வருவதில்லை, யாருடைய காலடி என்றுதான் யோசிக்கிறார்கள். அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் அவர் பெயரோடு ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் காஞ்சி வரதரைத் தரிசிக்காமல் வேலைக்கு வரமாட்டாராம், அவர் பக்தியைச் சோதித்து வியந்த துரை இங்கேயே வரதருக்குக் கோயில் எழுப்பிக் கொடுத்தாராம். கதை கதையாக இருக்கட்டும், பேட்டைக்கு வந்த பெயர் கதையில்லை. காலெட் எப்படி இருந்தார் என்று பார்க்க ஆசைப்பட்டால், ஆமோய் சின்குவா என்ற சீனக் கலைஞர் 1716இல் களிமண்ணில் செய்து வண்ணம் பூசிய அவருடைய சிறு உருவச்சிலை லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதையும் கவனியுங்கள்: காலடிப்பேட்டையில் நிலைத்தது காலெட்டின் குடும்பப் பெயர், ஜோசப் விழுந்துவிட்டது. கான்சாமேட்டில் யூசுப் விழுந்ததைப் போலத்தான். ஆளைக் கூப்பிட்ட பெயர் மண்ணில் ஒட்டவில்லை. கோயிலுக்கும் பள்ளி கல்லூரிக்கும் மட்டும்தான் அது நேராகப் போய்ச் சேர்ந்தது.

ஆட்களிடம் வந்தாலோ அது இனிஷியலுக்குள் ஒளிந்துகொள்கிறது. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் ஜே, ஜோசப். ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்ற பெயரில் 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர் கொர்னேலியஸை விட்டுவிட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவுக்குத் திரும்பினார், ஜோசப்பை விடவில்லை. 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில், சென்னையில் காலமானார். சந்திரபாபுவின் 'ஜே.பி.' ஜோசப் பனிமயதாஸ். தூத்துக்குடிக்காரர் என்பதற்குப் பனிமய மாதாவே சாட்சி. யேசுதாஸின் 'கே.ஜே.' கட்டாசேரி ஜோசப், அந்த ஜோசப் அவருடைய தந்தை அகஸ்டின் ஜோசப். நடிகர் விஜய்யின் முழுப்பெயர் ஜோசப் விஜய். 2017இல் ஒரு படத்தையொட்டிய சர்ச்சையில் அந்த ஜோசப்பை ஏதோ ரகசியத்தைக் கண்டுபிடித்ததுபோல் வெளியே இழுத்தார்கள். அவர் நன்றி சொல்லி விட்ட கடிதத்தின் தாளில் சி. ஜோசப் விஜய் என்று அச்சாகியே இருந்தது. விவகாரம் அதோடு அடங்கியது.

தமிழ்நாட்டு அரசியலில் எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் சொல்லாத ஜோசப் ஒருவர் உண்டு. சோவியத் தலைவர் ஸ்டாலின். பிறந்தபோது ஜார்ஜிய மொழியில் யோசெப், ரஷ்ய மொழியில் யோசிஃப், தாய்க்குப் பாதிரியாராக்க ஆசை, அதனால் சமயப் பள்ளியிலும் படித்தவர். ஸ்டாலின் என்பது அவர் பிறகு வைத்துக்கொண்ட எஃகுப் பெயர். 1953 மார்ச் 5இல் அவர் இறந்தார். அதற்கு நான்கு நாள் முன்பு, மார்ச் 1இல் பிறந்த தன் மகனுக்குக் கருணாநிதி அந்த எஃகை எடுத்துச் சூட்டினார். ஜோசப்பை மாஸ்கோவிலேயே விட்டுவிட்டார்.

அதே போல்தான் இத்தாலி. திருவல்லிக்கேணியில் வாழ்ந்த பாரதியார் மாஜினியின் சபதத்தைத் தமிழில் பாடினார். கரிபால்டி பெயரும் அந்தக் காலத்துத் தேசபக்தர்கள் வாயில் புழங்கியது. மாஜினி, கரிபால்டி இருவருமே ஜுசெப்பேக்கள். இசையமைப்பாளர் வெர்டியும் அப்படியே. நமக்கு வந்தது குடும்பப் பெயர்கள் மட்டும்.

வெளியூர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிஷ்காரர்கள் போன இடமெல்லாம் சான் ஹோசேதான். கோஸ்டாரிகாவின் தலைநகர் ஒன்று, கலிபோர்னியாவில் 1777இல் அமைந்தது இன்னொன்று. பின்னதில் சென்னைப் பிள்ளைகள் ஏராளம். ஓ.எம்.ஆரில் செம்மஞ்சேரி செயின்ட் ஜோசப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு சான் ஹோசேயில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், பெயரளவில் பார்த்தால் ஊரை விட்டு நகரவே இல்லை. ஆர்க்டிக் கடலில் பிரான்ஸ் யோசெஃப் நிலம், ஆஸ்திரியப் பேரரசர் பெயரில், 1873இல் கண்டறியப்பட்டது. எகிப்தில் ஃபாயூமுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பஹ்ர் யூசுஃப் கால்வாய் குழியில் தள்ளப்பட்ட அந்த முதல் யோசேப்பின் பெயரில். பிராக் நகரின் பழைய யூதர் பகுதிக்கு 1850இல் யோசெஃபோவ் என்று பெயரிட்டார்கள், யூதர் மீதான கட்டுகளைத் தளர்த்திய பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் நினைவாக. யூதர்களிடமிருந்து கிளம்பிய பெயர் ஒரு கத்தோலிக்க அரசரைச் சுற்றி அவர்கள் தெருவுக்கே திரும்பி வந்த கதை அது.

நாள் கேட்பவர்களுக்கு: சூசையப்பர் திருநாள் மார்ச் 19. 1955இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) மே 1ஐத் தொழிலாளரான சூசையப்பரின் விழாவாகவும் அறிவித்தார். தச்சருக்குப் பொருத்தமான நாள், கம்யூனிஸ்டுகளுக்குப் போட்டி என்றும் சொல்வார்கள். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் 1923லேயே இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 1770 முதல் 1773 வரை கவர்னராக இருந்த ஜோசியாஸ் டு ப்ரேயை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதுவும் எபிரேயப் பெயர்தான், ஆனால் அது யோசியா, வேறு வேர். நுங்கம்பாக்கம் ஜோசியர் தெருவை ஆங்கிலப் பலகையில் பார்த்துவிட்டு இங்கே ஏதோ ஜோசப் துரை இருந்திருக்கிறார் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. அது நம் ஜாதகம் பார்க்கிற ஜோசியர்தான்.